குளிர் காத்து இல்லை அது



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். மகளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது. தலசீமியா மேஜர். மூன்று, நான்கு கிழமைக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற இரத்தத்தோடு உடம்பில் இரும்புச் சத்து சேர்ந்துவிடும். அதை வெளியேற்ற இரவில் டெஸ்ஃபெரல் பம்ப் போடுகிறோம். வயிற்றுத் தோலில் சிறு ஊசி, எட்டு முதல் பத்து மணித்தியாலம். ஒரு வருஷத்துக்கு முன்னர் மண்ணீரலையும் எடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரியாது. ஏனென்றால் நாங்கள் மறைத்தோம். "புள்ளைக்கு ரத்தம் கொஞ்சம் குறைவு, கிளினிக் போறோம்" என்றோம். ஒப்பரேஷனை அபெண்டிக்ஸ் என்றோம். "பொம்புளப் புள்ள, நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி இருக்கு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

போன வருஷம் பாடசாலை லீவில் குடும்பமாக ஒரு வேனில் ரிவர்ஸ்டன் போனோம். மாமி, சாச்சா குடும்பம், பிள்ளைகள், சோத்துப் பார்சல் எல்லாம் ஏற்றிக்கொண்டு. மகளின் கிளினிக் கொப்பியை நான் வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். வேனில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம்.

தென்மேற்குப் பருவக்காலத்தில் ரிவர்ஸ்டன் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஆளைத் தள்ளும். பிள்ளைகள் கையை விரித்துக்கொண்டு சிரித்தார்கள். மகள் மட்டும் என் ஷோலுக்குள் வந்து நின்றாள். உடம்பு நடுங்கியது.

"குளிர் காத்து பட்டிருக்கு, வேனுக்குள்ள வெச்சா சரியாகும்" என்றார் சாச்சா. அவரைக் குறை சொல்ல ஏலாது. வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் அது சரிதான்.

கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. ஹேண்ட்பேக்கில் ஒளித்து வைத்திருந்த தர்மோமீட்டரை வேனுக்குள் எடுத்துப் பார்த்தேன். 38.6.

மண்ணீரல் இல்லாத பிள்ளைக்கு 38 தாண்டினால் அது சும்மா காய்ச்சல் இல்லை. கிருமியை இரத்தத்திலிருந்து வடிகட்டுவதில் மண்ணீரலுக்குப் பெரிய பங்கு. அது இல்லாதபோது நியூமோகொக்கஸ் போன்ற கிருமி சில மணித்தியாலங்களில் இரத்தம் முழுக்கப் பரவிவிடலாம். ஊசி போட்டிருந்தாலும், தினமும் பெனிசிலின் குடித்தாலும் ஆபத்து முழுசாக நீங்காது. "பனடோல் குடுத்துப் பார்த்துட்டு காலைல வாங்க" என்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. உடனே ஆஸ்பத்திரி. அன்றிலிருந்து டெஸ்ஃபெரலும் நிற்க வேண்டும், ஏனென்றால் சில கிருமிகள் அந்த மருந்தின் துணையோடு இன்னும் பெருகும். கிளினிக்கில் எத்தனையோ தடவை சொல்லித் தந்த பாடம்.

எல்லாம் தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை. பிட்டவல பத்தனையையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். வேன் மாத்தளைக்கு எதிர்ப்பக்கம் ஓடியது. இவர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மலை உச்சியில் டவர் தெரிகிறது, என் ஃபோனில் சிக்னல் இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே போனது.

பத்தனையில் மகள் வாந்தி எடுத்தாள். அப்போதும் நான் உண்மை சொல்லவில்லை. "எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது, மாத்தளைக்குப் போவோம்" என்றேன். என்னைக் காப்பாற்றத்தான் வேனைத் திருப்பினார்கள். ரிவர்ஸ்டனிலிருந்து மாத்தளைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அந்த வளைவுகளில் எத்தனை தடவை யாசீன் ஓதினேன் என்று தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு வீல்செயார் கொண்டு வந்தார்கள். நான் மகளைத் தூக்கி அதில் இருத்தினேன். "தலசீமியா மேஜர். மண்ணீரல் எடுத்தாச்சு. 39 காய்ச்சல்" என்று எல்லாருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னேன். டொக்டர் உடனே உள்ளே எடுத்தார். இரத்தம் எடுத்து, நாளத்தில் அன்டிபயோட்டிக் ஏற்றினார்கள். கொப்பி இல்லாததால் மருந்து அளவெல்லாம் ஞாபகத்திலிருந்து சொன்னேன். கை நடுங்கியது.

ஆறு நாள் வார்டில் இருந்தோம். அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹ் பிள்ளையைத் திருப்பித் தந்தான்.

முதல் நாள் இரவு சாச்சா வார்ட் வாசலில் நின்றார். "முதல்லயே சொல்லியிருந்தா நாங்க பத்தனைக்குப் போயிருப்போமா மகள்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

நான் ஒரு டீச்சர். வருஷத் தொடக்கத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு, "பிள்ளைக்கு வருத்தம் ஏதும் இருந்தா மறைக்காதீங்க" என்று சொல்கிறவள்.

ஆகவே மூன்று விஷயம்.

ஒன்று, இப்படிப் பிள்ளை உள்ள வீட்டில் கிளினிக் கொப்பி எங்கே போனாலும் கூடவே வரட்டும். பக்கத்து வீட்டுக்கும், வகுப்பு டீச்சருக்கும், வேன் ஓட்டுகிறவருக்கும் "காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி" என்ற ஒரு வரி தெரிந்திருக்கட்டும்.

இரண்டு, நிகாஹ் பேசும்போதே இரத்தப் பரிசோதனை. நானும் இவரும் மாமி மகன், மாமா மகள். இருவரும் தலசீமியா காவிகள். எங்களுக்கு ஒரு நோயும் இல்லை, அதனால் தெரியவில்லை. இருவரும் காவியாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒருவர் மட்டும் காவி என்றால் பிள்ளைக்கு மேஜர் வராது. ஈரானில் 1997 முதலும், சவூதியில் 2004 முதலும் திருமணத்துக்கு முன் இந்தப் பரிசோதனை கட்டாயம். நமக்குப் பக்கத்து மாவட்டம் குருணாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது. அங்கே இதைப் பார்க்கிறார்கள். பெண் பார்க்க எவ்வளவு தூரமும் போகிறோம், இதற்குப் போகக் கூடாதா?

மூன்று, இரத்தம். 18 வயதிலிருந்து 60 வரை, உடல்நலமுள்ளவர்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். என் பிள்ளையின் உடம்பில் ஓடுவது யார் யாருடையதோ இரத்தம். சிங்களவரா, தமிழரா, முஸ்லிமா என்று பையில் எழுதியிருப்பதில்லை. சாச்சாவின் மகன்மார் இரண்டு பேரும் இப்போது தவறாமல் கொடுக்கிறார்கள்.

மாமிக்கு இந்தப் பதிவு பிடிக்காது. பரவாயில்லை, பேசிச் சரிசெய்துகொள்வோம்.

இரவில் பம்ப் பையை மகள் போர்வைக்குள் ஒளித்து வைப்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எங்களைப் பார்த்துப் பழகியது. போன கிழமை சாச்சாவின் சின்ன மகள் வீட்டில் தங்கினாள். "இது என்ன?" என்று கேட்டாள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போர்வையை விலக்கிக் காட்டினாள்.

உங்கள் துஆக்களில் அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.