சூரியனின் கைகள் யாருக்கு நீண்டன?

அக்கெனாதெனை எங்களுக்கு முதலில் நல்லாப் பிடிச்சிருந்தது. பழைய கடவுள்மாரையும் அவர்களின் பூசாரிமாரையும் ஒதுக்கிவிட்டு, சூரிய வட்டமான அத்தெனை மட்டும் கும்பிட்ட எகிப்திய மன்னன். புரட்சிக்காரன் எண்டுதான் நினைச்சம்.

கி.மு. 14ஆம் நூற்றாண்டில், இன்றைய கெய்ரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தூரத்தில், நைல் நதியின் கிழக்குக் கரையில் அவன் ஒரு புது நகரம் கட்டினான். அதன் பெயர் அக்கெதாதென், அதாவது அத்தெனின் அடிவானம். இப்ப அமர்னா எண்டு சொல்லுறம். வழமையான எகிப்தியக் கோயில்களில் உள்ளே போகப் போக இருட்டுத்தான். இங்கே பலிபீடங்களுக்கு மேல் கூரையே இல்லை. செதுக்கிய படங்களில் சூரியக் கதிர்களின் நுனியில் சின்னச் சின்னக் கைகள். இதைவிட அழகான கடவுள் இருக்கேலுமா?

பிறகுதான் வடிவாகப் பார்த்தம். அந்தக் கைகள் உயிரின் சின்னத்தை நீட்டுவது அரச குடும்பத்துக்குத்தான். மற்ற ஆக்கள் குனிஞ்சு நிக்கினம். என்ர தூதர்களை ஏன் வெயிலில் நிறுத்திச் சாகடிக்கிறீர் எண்டு அசீரிய மன்னன் கேட்ட களிமண் கடிதமும் அங்கே கிடைச்சிருக்கு.

எங்களை உலுக்கினது சாதாரண சனத்தின் புதைகுழிகள். வடக்குப் பக்க மயானம் ஒன்றில் தோண்டியெடுத்த எலும்புக்கூடுகளில் பெரும்பாலானவை 7 முதல் 25 வயது வரையானவர்களுடையவை. எங்கட வயசு. எங்கட தம்பி, தங்கச்சியின் வயசு. பிள்ளைகளின் எலும்புகளிலேயே கடும் உழைப்பின் தடயம். சில குழிகளில் ரெண்டு மூண்டு பேர் ஒன்றாக. நகரத்தின் கோயில்களோ, கெதியாகக் கட்டி முடிக்கவெண்டு ஒரு ஆள் தூக்கக்கூடிய அளவில் வெட்டின கற்களால் எழும்பியவை.

அக்கெனாதென் செத்துக் கொஞ்ச வருஷத்திலேயே நகரம் வெறிச்சோடிவிட்டது. துட்டன்காமுன் பழைய கடவுள்களிடம் திரும்பினான். கோயில் கற்களைக் கழட்டி ஆற்றின் மற்றக் கரையில் வேறு கட்டடங்களுக்குப் போட்டார்கள். 1912இல் அங்கே கிடைத்த அரசி நெஃபர்டீட்டியின் சிலை இன்று பெர்லினில். அந்த முகத்தை உலகத்துக்கே தெரியும். அந்தப் பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியாது.

அக்கெனாதென் புதுசாச் சிந்திச்சவன்தான். அதை நாங்கள் மறுக்கேல்லை. ஆனால் புதுசு எண்டதும் கைதட்டுற எங்களுக்கு இனி ஒரு கேள்வி மிச்சம் இருக்கு: கல்லு யாருடைய முதுகில ஏறினது?