செல்லாது
தம்பியோடு விளையாட நானே ஒரு சீட்டாட்டம் செய்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி 40 சீட்டு. அதில் எனக்கு ரொம்பப் பெருமை ஒரு சீட்டில்தான்: எதிராளி எதைப் போட்டாலும் 'செல்லாது'. மூன்றாம் நாள் தம்பி சீட்டைக் கீழே வைத்துவிட்டான். "நீயே விளையாடிக்கோண்ணா." தோற்றதில் அவனுக்கு வருத்தமில்லை. நான் அவனை ஆடவே விடவில்லை.

'மேஜிக்: த கேதரிங்' ஆட்டத்தில் 1993லேயே இப்படியொரு சீட்டு உண்டு, 'கவுண்டர்ஸ்பெல்'. விலை இரண்டு மானா. மானாதான் அங்கே காசு. 2006இல் வந்த 'கேன்சல்' அதே வேலைக்கு மூன்று மானா கேட்டது. விலையை ஏற்றினாலும் தடுக்கப்பட்டவனுக்கு வழியில்லை. 1998இல் வந்த 'மானா லீக்' வேறு மாதிரி. எதிராளி கூடுதலாக மூன்று மானா கட்டிவிட்டால் அவன் போட்ட மந்திரம் பிழைத்துக்கொள்ளும். ஆட்டம் நீள நீள அவன் கையில் மானா சேரும், தடுப்பின் பலம் தானாகக் குறையும்.

என் சீட்டில் ஒரு வரி சேர்த்தேன்: 'இரண்டு காசு கொடுத்தால் செல்லும்.' தம்பி காசு சேர்த்துக்கொண்டு காத்திருந்தான். நான் 'செல்லாது' போட்டதும் சிரித்தபடி இரண்டு காசை என் பக்கம் தள்ளினான். அந்த ஆட்டத்தில் தோற்றேன். சீட்டைக் கலைத்துப் போட்டது அவன்தான்.