கையில கட்டுன கான்ஸ்டன்டைன்

புதுக்கோட்டை பக்கம் கருக்காக்குறிச்சியில 1898-ல 501 ரோமானியத் தங்கக்காசு ஒரே புதையலா கிடைச்சது. பெரும்பாலான காசுல ராஜா மூஞ்சியில உளியால ஒரு வெட்டு. இனி இது பணமில்ல, வெறும் தங்கம்னு காட்ட வெட்டியிருக்கலாம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. தென்னிந்தியாவுல கிடைச்ச வேற சில காசுகள்ல கோத்துப் போட்டுக்க ஓட்டை இருக்கு. ஆக, ரோம் சக்கரவர்த்தியை நகையா மாட்டிக்கறது நம்மாளுங்களுக்குப் புதுசே இல்ல மக்களே :-)

இப்ப ஏன் இந்தப் புராணம்னா, துபாய்ல இருக்கற சித்தப்பா பையன் ஒரு வாட்ச் படம் அனுப்பியிருந்தான். நான் இருக்கறது வெள்ளிமலை. படம் முழுசா இறங்கறதுக்குள்ள ஒரு டீ குடிச்சு முடிச்சுட்டேன். டயலுக்குப் பதிலா நிஜமான ரோமானியச் செப்புக்காசு, மேல ரெண்டு முள்ளு. "அண்ணே, கான்ஸ்டன்டைன் காலத்துக் காசு. சர்டிபிகேட் இருக்கு. அப்பாவோட அறுபதாங்கல்யாணத்துக்கு வாங்கவா?"

அழகாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா முள்ளு சுத்தணும்னா காசு நடுவுல துளை போட்டாகணுமே. ராஜாவுக்குக் கன்னத்துலயே ஓட்டை! அதையும் பொறுத்துக்கலாம். 4-ஆம் நூற்றாண்டுச் செப்புக்காசுல பின்பக்கம் அடியில சில எழுத்து இருக்கும். அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, கான்ஸ்டான்டிநோபிள்னு எந்த ஊர்ல அடிச்சதுன்னு அதை வச்சுத்தான் கண்டுபிடிப்பாங்க. காசோட விலாசமே அதுதான். வாட்ச்சுல அந்தப் பக்கம் மெஷினைப் பாத்து ஒட்டிக்கிட்டுக் கெடக்கு.

தினமலர் ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, கரூர்லயும் மதுரையிலயும் கிடைச்ச இந்த மாதிரிக் காசுகளுக்குன்னே 1994-ல தனிப் புத்தகம் போட்டார். எங்க கிடைச்சதுன்னு தெரிஞ்சதாலதான் அந்தக் காசெல்லாம் பேசுது. பையனோட சர்டிபிகேட்ல 'அசல்'னு இருக்கு, எந்த மண்ணுன்னு இல்ல. ஒருவேளை நம்ம கரூர்க் காசா இருந்து, 1972 தொல்பொருள் சட்டத்துக்கு அப்புறம் கடல் தாண்டியிருந்தா, கொல்லைப்புற வழியாத்தான் போயிருக்கணும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசை வெளிய கொண்டுபோகவே தடை.

பையன்கிட்ட இந்தச் சட்டமெல்லாம் பேசல. அவங்கப்பாவைப் பத்தி மட்டும் சொன்னேன். திருக்கோவிலூர்ல பெண்ணையாத்து மணல்ல கிடைச்ச மலையமான் காசுகளைப் பத்தி எனக்கு மொத மொதல்ல சொன்னது சித்தப்பாதான். ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் மலையும் ஆறும். எந்தக் காசைக் கையில குடுத்தாலும் மனுஷன் ராஜாவைப் பாக்கவே மாட்டார், முதல் வேலையா திருப்பித்தான் பாப்பார்.

"அப்ப வாட்ச்சைக் கழட்டச் சொல்வாரே"ன்னான்.

கண்டிப்பா சொல்வார்டா.