கொல்லிமலையும் அதன் குழந்தைகளும்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாய் நாமக்கல் மாவட்டத்தில் ஓங்கி நிற்பது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை இது. சங்கப் புலவர் பலரும் இதன் பலாவையும் தேனையும் கொல்லிப்பாவையையும் பாடியுள்ளனர். இன்று அங்குச் செல்வோர் அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாய கங்கை அருவியையும் கண்டு, மிளகும் அன்னாசியும் வாங்கிக்கொண்டு, மாலைக்குள் இறங்கிவிடுகின்றனர். நாம் சென்ற நோக்கம் வேறு. மலையில் பிறக்கும் குழந்தை நோயுற்றால் அதற்கு மருத்துவம் எவ்வாறு கிட்டுகிறது என்பதை நேரில் அறிய விரும்பியே சென்றோம். கண்டதையும் அறிந்ததையும் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது நலமெனக் கருதுகிறோம்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி ஆகிய ஊர்களைக் கடந்து காரவள்ளி எனும் அடிவாரத்தை அடைந்தோம். அங்கிருந்து மலைச்சாலை தொடங்குகிறது. இச்சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் அதன் எண் எழுதப்பட்டிருக்கிறது. பேருந்து முனகிக்கொண்டே ஏறுகையில் நம்மோடு வந்தோர் சிலர் ஆடையால் வாயைப் பொத்திக்கொண்டனர். தலைசுற்றலும் வாந்தியும் இப்பயணத்தில் வழக்கமாம். 20-ஆம் வளைவில் நமக்கும் உடல் சோர்ந்தது. நலமுள்ள நமக்கே இந்நிலை என்றால், மூச்சுத் திணறும் குழந்தையை மடியிலிட்டு இவ்வழியே இறங்கும் தாயின் நிலை என்னவாயிருக்கும் என்று எண்ணினோம். தூரம் என்பது சமவெளியில் வெறும் கணக்கு. மலையில் அதுவே ஒரு நோய்.

ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலத்தை அடைந்ததும் காற்றுக் குளிர்ந்தது. சோளக்காட்டுச் சந்தையையும் செம்மேட்டையும் கடந்தால் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. வாழவந்திநாடு, அரியூர்நாடு, தின்னனூர்நாடு, வளப்பூர்நாடு என 'நாடு' என்றே முடியும் பெயர்கள். இங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயர் அவ்வாறிருப்பினும் கேரளத்தார் அல்லர்; தமிழே பேசும் மலைவாழ் மக்கள். பல சிற்றூர்களுக்கு இன்று தார்ச்சாலை உண்டு. எனினும், சாலையில் இறங்கிப் பள்ளத்தாக்கின் வழியே நடந்து செல்லவேண்டிய குடியிருப்புகளும் உள்ளன.

குழந்தைகளுக்காக இம்மலையில் உழைத்தவர்களைப் பற்றிக் கூறாமல் மேலே செல்ல இயலாது. இங்கிலாந்திலிருந்து வந்த ஜெஸ்ஸி பிராண்டு என்பவரும் அவர் மனைவி ஈவ்லினும் 1913-ஆம் ஆண்டில் மணமுடித்த கையோடு மலையேறினர். மோட்டார்ச் சாலை இல்லாத காலம். அவர்கள் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த, நம் பிரிந்த சகோதரர்கள். ஜெஸ்ஸி முழுப்பயிற்சி பெற்ற மருத்துவர் அல்லர். வெப்பநாட்டு நோய்களைப் பற்றிச் சிறிது காலம் பயின்றவர். அந்த அறிவைக்கொண்டே வீட்டுத் திண்ணையில் புண்களைக் கழுவினார், பல் பிடுங்கினார், காய்ச்சலுக்கு மருந்தளித்தார். தொடக்கத்தில் உள்ளூர்ப் பூசாரி அவர்களை எதிர்த்து நின்றார். முதல் உலகப்போரின் இறுதியில் பரவிய கொடிய விஷக்காய்ச்சல் இம்மலையையும் தாக்கியது. அப்போது அந்தப் பூசாரியும் நோயில் விழுந்தார். பிராண்டு தம்பதியர் கஞ்சி காய்ச்சிக்கொண்டு அவர் வீட்டுக்கே சென்றனர். இறக்குந் தறுவாயில் அவர் தம் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். பகைமையை வென்றது வாதம் அன்று, ஒரு கிண்ணம் கஞ்சியே.

ஜெஸ்ஸி 1929-இல் கொடிய மலேரியாவின் விளைவாக உயிர் நீத்தார். ஈவ்லின் அம்மையார் தளரவில்லை. சபைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் தம் பொறுப்பிலேயே மலைக்குத் திரும்பி, மட்டக்குதிரை மீதேறி ஊர் ஊராய்ச் சென்றார். 1974-இல் தமது 95-ஆம் வயதில் இறந்து, இம்மலையிலேயே கணவர் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். 1914-இல் அவர்களுக்குப் பிறந்த மகனே, பிற்காலத்தில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திய பால் பிராண்டு.

அக்காலத்தில் மலைமக்களைப் பெரிதும் வாட்டியது நரம்புச் சிலந்தி நோய். குளத்து நீரில் வாழும் நுண்ணிய பூச்சிகளோடு இப்புழுவின் குஞ்சுகள் வயிற்றுக்குள் செல்லும். ஓராண்டு கழிந்தபின், ஒரு மீட்டர் நீளம்வரை வளர்ந்த புழு காலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். எரிச்சல் தணிய நோயாளி படிக்கிணற்றில் காலை வைப்பார். அந்நொடியே புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். அதே நீரை ஊரார் மொண்டு குடிப்பர். இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. ஜெஸ்ஸி பிராண்டு சிறு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றிப் புழுவை வெளியே எடுத்தார். அத்தோடு நில்லாமல், கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பவும், நீரில் கால் வைக்காதிருக்கவும் மக்களுக்குக் கற்பித்தார். பிற்காலத்தில் நாடு முழுவதும் இவ்வழியே பின்பற்றப்பட்டது: தண்ணீரைத் துணியில் வடிகட்டுதல், படிக்கிணறுகளை மாற்றுதல், நோயாளியை நீர்நிலையிலிருந்து விலக்கி வைத்தல். 1996-இல் ராஜஸ்தானத்தில் கண்ட நோயாளியே இந்தியாவில் கடைசி. 2000-ஆம் ஆண்டில் இந்நாடு இந்நோயினின்று விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மருந்தே இல்லாத ஒரு நோயை வடிகட்டும் துணியும் நல்ல பழக்கமும் ஒழித்தன என்பதை நம் இல்லத்தரசியர் நினைவிற் கொள்வார்களாக.

இன்றைய நிலை என்ன? செம்மேட்டில் அரசு மருத்துவமனை உண்டு, மலையில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உண்டு, அங்கன்வாடிகள் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியர் பனிக்கட்டிப் பைகள் அடுக்கிய பெட்டியில் தடுப்பு மருந்தைச் சுமந்து சிற்றூர்களுக்குச் செல்கிறார். 2 முதல் 8 டிகிரி வெப்பத்தைத் தாண்டினால் அம்மருந்து வீணாகும். ஆதலால் அப்பெட்டியைக் கைக்குழந்தையைப் போலவே காக்கவேண்டியுள்ளது. 2008-ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் 108 அவசர ஊர்தி ஓடுகிறது. நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியன. 1971-இல் இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளுள் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-இல் அவ்வெண் 28. தமிழகத்தில் 13 மட்டுமே.

ஆயினும் சராசரி என்பது சென்னையையும் கொல்லிமலையையும் ஒன்றாய்க் கூட்டி வகுப்பது. நகரில் தெருவுக்கொரு குழந்தை மருத்துவர். இங்கோ குழந்தை மருத்துவத்தில் தேர்ந்தவரைக் காண்பதற்குப் பெரும்பாலும் மலையிறங்க வேண்டும். திரும்பும் பேருந்தில் நம்மருகே பேரக்குழந்தையோடு ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும். கீழே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தனர். "இப்ப பரவால்லீங்க சாமி, பஸ்ஸு இருக்குது. முன்னாடியெல்லாம் தொட்டில் கட்டித் தூக்கிட்டுத்தான் எறங்குவாங்க. ஆனா ஒரு நாளு கூலி போச்சு, மூணு பேருக்குப் பஸ்ஸு காசு, கீழ சோத்துக் காசு. அதான் நாளைக்குப் பாக்கலாம், நாளைக்குப் பாக்கலாம்னு தள்ளிப் போயிருதுங்க" என்றார். மருத்துவம் இலவசமே, மருத்துவரை அடைவது இலவசம் அன்று. அந்த 'நாளைக்குப் பார்க்கலாம்' என்னும் சொல்லில்தான் குழந்தைகளின் உயிர் ஊசலாடுகிறது.

ஆகவே, எந்த நோய்க்கு வீட்டிலேயே முதலுதவி செய்யலாம், எந்நிலையில் ஒரு நொடியும் தாமதியாது புறப்பட வேண்டும் என்பதைத் தாய்மார் அறிந்திருத்தல் இன்றியமையாதது. இது மலைக்கு மட்டுமன்று, சமவெளிக்கும் பொருந்தும்.

முதலாவது, பிறந்த குழந்தை. 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் 1000-க்கு 28 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன என்றோம். அவற்றுள் 20 முதல் 28 நாள்களுக்குள்ளேயே இறந்தவை. குளிர்ந்த மலையில் எடை குறைந்து பிறந்த குழந்தையின் உடல் விரைவில் சில்லிட்டுவிடும். தென் அமெரிக்காவின் பொகோட்டா நகரில் 1978-இல், வெப்பப் பெட்டிகள் போதாமையால், மருத்துவர் ஒருவர் குழந்தையைத் தாயின் மார்போடு தோலுக்குத் தோல் படுமாறு அணைத்துக் கட்டும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை எனப்படும் இதனை உலக சுகாதார நிறுவனம் இன்று எடை குறைந்த குழந்தைகள் அனைவர்க்கும் பரிந்துரைக்கிறது. தாயின் மார்பைவிடச் சிறந்த வெப்பப் பெட்டி வேறில்லை. தந்தையும் பாட்டியுங்கூட இதனைச் செய்யலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் வேண்டா.

இரண்டாவது, வயிற்றுப்போக்கு. நீர் வற்றுவதே இதில் உயிரைக் கொல்வது. 1971-இல் வங்காள எல்லையிலுள்ள பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழி புகட்டி எண்ணற்றோரைக் காத்தார். அதுவே இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பொட்டலம் கிட்டாதபோது, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம், உப்பு மிகலாகாது. பேதி நிற்கட்டும் என்று உணவையும் பாலையும் நிறுத்துவது பெருந்தவறு. துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பின்னும் 14 நாள் முடியும்வரை கொடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, நிமோனியா. இதனைக் கண்டறியக் கருவி வேண்டா. கடிகாரம் ஒன்று போதும். குழந்தை அழாமல் அமைதியாயிருக்கையில் ஒரு முழு நிமிடம் அதன் மூச்சை எண்ணவேண்டும். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டுக்கு உட்பட்டதற்கு 50, 5 ஆண்டுக்கு உட்பட்டதற்கு 40 என்ற அளவையோ அதற்கு மேலோ எட்டினால் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். மூச்சிழுக்கையில் விலாவின் அடிப்புறம் உட்குழிதல், பால் குடிக்க இயலாமை, உண்டதெல்லாம் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பியும் எழாத மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினும் பொழுது விடியக் காத்திராமல் 108-ஐ அழைக்கவேண்டும். மந்திரித்துக் கயிறு கட்டுவதிலும் கடைக்காரரிடம் மாத்திரை வாங்குவதிலும் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் குழந்தையின் மூச்சிலிருந்து கழிவதே.

இன்னொன்றையும் கண்டோம். சாமை, தினை, வரகு, கேழ்வரகு விளைந்த சரிவுகளில் இன்று எங்கு நோக்கினும் மரவள்ளி. மக்கள் 'குச்சி' என்றே கூறுகின்றனர். கீழேயுள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்கு அது செல்கிறது. கையில் பணம் வருகிறது. அவர்களைக் குறை கூறவியலாது. ஆனால் மரவள்ளி பெரும்பாலும் வெறும் மாவுச்சத்தே. புரதமும் இரும்பும் சுண்ணாம்பும் தந்த சிறுதானியம் வயலிலிருந்து மறைந்தபோது குழந்தையின் தட்டிலிருந்தும் மறைந்தது. வெளிறிய இமைகளோடு வளரும் சிறுமி, 18 வயது நிறையுமுன் மணமுடிக்கப்பட்டுத் தாயாகும்போது, அவள் குழந்தையும் எடை குறைந்தே பிறக்கிறது. இச்சங்கிலியை மருத்துவமனை மட்டும் அறுத்துவிட முடியாது. பள்ளிக்கூடமும் அடுப்பங்கரையும் சேர்ந்தே அறுக்க வேண்டும்.

அன்பர்களே, இதனைப் படித்துவிட்டு மலைமக்களுக்காக இரங்குவதோடு நின்றுவிட வேண்டா. நம் பங்கின் எல்லைக்குள்ளும் கொல்லிமலைகள் உண்டு. செங்கல் சூளையில் தங்கியிருக்கும் வெளியூர்க் குடும்பம், ஊர்க்கோடிக் குடிசையில் தனியே வாழும் இளந்தாய், ஆகியோர்க்கும் மருத்துவமனை எட்டாத் தொலைவிலேயே உள்ளது. அன்பியக் கூட்டத்துக்கு வரும் பெண்கள், தம் தெருவிலுள்ள கைக்குழந்தைகளின் தடுப்பூசி அட்டையை ஒருமுறை பார்க்கலாம். 9-ஆம் மாதத் தட்டம்மை ஊசியும், ஒன்றரை வயதில் அதன் இரண்டாம் ஊசியும் விடுபட்டிருந்தால் நினைவூட்டலாம். சிறுமி ஒருத்தியின் திருமணப் பேச்சு காதில் விழுந்தால், பெற்றோரிடம் அன்போடு பேசலாம். கேளாவிடில் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லலாம். வாகனம் உள்ளவர்கள் இரவில் ஒரு வீட்டுக்கதவு தட்டப்படும்போது மறுக்காதிருக்கலாம்.

மூதாட்டி காரவள்ளியில் இறங்காமல் நாமக்கல்வரை நம்மோடு வந்தார். பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று இருமுறை விசாரித்தார். 70 வளைவுகளைக் கடந்து வந்தவர்க்கு அக்கடைசிச் சிறு தொலைவே பெருங்கவலையாயிருந்தது. அரசு சாலையமைக்கும், மருத்துவமனை கட்டும். அவ்விரண்டிற்கும் இடையே எஞ்சும் இச்சிறு தொலைவைக் கடப்பிப்பது அயலாராகிய நம் கடமை.