ஓர் அம்பாசடரும் சில மிகைப் பாடல்களும்

பெரியப்பாவின் அம்பாசடர் காரை விற்றுவிடுவது என்று அண்ணன் முடிவு செய்த செய்தி, சென்ற தை மாதம் எனக்குத் தெரியவந்தது. ஆரணியிலும் ஒரு சைதாப்பேட்டை உண்டு. அங்கிருந்து கொசப்பாளையத்திலுள்ள என் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தவர், காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"தம்பி, நீ தமிழ் வாத்தியார். வண்டியோட வரலாறு ஒரு பக்கத்துக்கு வேணுமாம். நீ எழுதிக் குடு. இங்கிலீஷுல அவங்க மாத்திக்குவாங்க."

சென்னையிலிருந்து வந்த தரகர் ஒருவர் கொடுத்துச் சென்ற தாள் அது. பழைய கார்களை இணையவழி ஏலத்தில் விற்றுக் கொடுப்பவராம். வண்டியின் ஆண்டு, சேசிஸ் எண், எஞ்சின் எண், நிறம், இதுவரை எத்தனை உரிமையாளர்கள் என்று வரிசையாகக் கேள்விகள். அடியில் பேனாவால் எழுதிய ஒரு வரி: எல்லாம் அசல், கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று வர வேண்டும்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்தார்.

*

அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு 1970இல் வந்தது. பணம் கட்டிவிட்டுப் பெரியப்பா ஆண்டுக்கணக்கில் காத்திருந்தாராம். கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த மார்க் 2 வகை. மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். பட்டுப்புடவை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அது காஞ்சிபுரத்துக்கும் பெங்களூருக்கும் எத்தனை முறை போய் வந்தது என்பதற்குக் கணக்கில்லை. பெரியப்பா மறைந்தபின் தறிக்கூடத்தின் பின்புறம் தகரக் கொட்டகையில் நின்றது. இருபது தறிகளுக்குப் பாவு கொடுத்த வீட்டில் இன்று நான்கு தறிகள்தாம் ஓடுகின்றன. அண்ணனுக்குக் கடன் இருக்கிறது. வண்டி விற்கும் பணம் அவருக்கு எவ்வளவு அவசியம் என்பது எனக்குத் தெரியாததன்று.

தாளை வைத்துக்கொண்டு, உலகில் பழைய கார்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று சில நாள் படித்தேன். படிக்கப் படிக்க வியப்பு மிகுந்தது. இது ஏதோ எனக்குப் பழக்கமில்லாத துறை என்று எண்ணியிருந்தேன். பதிப்புத் துறையின் கிளை என்றே சொல்லிவிடலாம்.

ஒரு கார் தொழிற்சாலையை விட்டு எந்த உருவில் வெளியே வந்தது என்பதே அவர்களுக்கு மூலபாடம். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு பொருந்த வேண்டும். நிறம், இருக்கைத் தோல், சக்கரம் என்று வாங்கியவர் அந்நாளில் எதையெதைக் கேட்டு வாங்கினார் என்பதும் பதிவில் இருக்க வேண்டும். மேல்நாடுகளில் கார் வாங்குபவர் ஒரு பட்டியலிலிருந்து தாம் விரும்புவனவற்றைத் தேர்ந்துகொள்வது வழக்கம். அந்த விருப்பப் பட்டியல்தான் அரை நூற்றாண்டு கழித்து விலையைத் தீர்மானிக்கிறது.

மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல். என்ற கார், கதவுகள் இறக்கைபோல் மேல்நோக்கித் திறப்பது. அந்த வகையில் 1,400 கார்கள் செய்தார்கள். அவற்றுள் 29 கார்களுக்கு மட்டும் உடல் முழுவதும் அலுமினியக் கலவைத் தகடு. அந்த 29இல் ஒன்று 2022இல் அரிசோனா ஏலத்தில் 68 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அமெரிக்காவின் செவர்லே கார்வெட்டில் எல்88 என்றொரு எஞ்சின் தெரிவு உண்டு. பந்தயத்துக்கானது, அதைக் கேட்டு வாங்கினால் ரேடியோவும் கிடையாது, குளிருக்குச் சூடேற்றும் கருவியும் கிடையாது. 1967இல் 20 பேருக்குத்தான் அப்படி ஒரு வண்டி போய்ச் சேர்ந்தது. அவற்றுள் ஒன்று 2014இல் 38 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்றது. வசதி குறைந்ததற்கே விலை கூடுதல்!

விலை இப்படி ஏறினால் போலிகள் பிறக்காமல் இருக்குமா? சாதாரண வண்டியில் உயர்ந்த எஞ்சினைப் பொருத்தி, எண்ணையும் மாற்றிக் குத்தி, அசல் என்று விற்றுவிடுவார்கள். ஆகவே ஆய்வாளர்கள் சான்று தேடுகிறார்கள். அக்காலக் கார்வெட்டுகளில் பெட்ரோல் தொட்டியின் மேற்புறத்தில், தொழிற்சாலையில் ஒட்டிய ஒரு தாள் இருக்கும். அந்த வண்டியில் என்னென்ன பொருத்த வேண்டும் என்ற குறிப்பு அதில் உண்டு. தொட்டியைக் கழற்றி, செல்லரித்த அந்தத் தாளை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கிறார்கள். உ.வே.சா. ஏட்டுச்சுவடிகளோடு பட்ட பாடு நினைவுக்கு வராமல் போகுமா?

*

அடுத்த ஞாயிறு, பழகிய மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வண்டியை ஒரு சுவடியைப் போல வாசிப்பது என்று எண்ணம்.

எங்கள் சுவடியில் விருப்பப் பட்டியல் என்று ஒன்று இல்லை. அன்றைய இந்தியாவில் கார் கிடைத்ததே பெரும்பேறு. கேட்டு வாங்க என்ன இருந்தது? ஆனால் தொழிற்சாலை தராததை வாழ்க்கை ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டிருந்தது. வெளியே வெள்ளை நிறம்; கதவு ரப்பரை நீக்கிப் பார்த்தால் அடியில் கறுப்பு. கூரையில் கேரியர் பொருத்திய நான்கு துளைகள், பின்னாளில் ஈயம் வைத்து அடைத்தவை. முன்புறக் கிரில் மார்க் 3 வண்டியினுடையது. அக்கா திருமணத்தின்போது வண்டி புதிதாகத் தெரிய வேண்டுமென்று மாற்றியது. அந்நாளில் பலரும் செய்ததுதான் அது. பின் இருக்கை இரண்டு முறை தைக்கப்பட்டிருந்தது.

பானெட்டைத் தூக்கியதும் மெக்கானிக் சிரித்துவிட்டார்.

"சார், இது டீசல் எஞ்சின். பெட்ரோல் எஞ்சின் எப்பவோ போயிடுச்சு."

எனக்குத் தெரிந்ததுதான். அந்தச் சத்தத்தில்தானே வண்டி வருவதைத் தெருவே அறியும். ஆர்.சி. புத்தகத்திலும் எஞ்சின் மாற்றம் முறையாகப் பதிவாகியிருந்தது. ஆனால் தரகரின் கேள்வித்தாள் கையில் இருந்தபோது, அந்தச் செய்தி வேறு கனத்தோடு வந்து விழுந்தது.

நம் அரசும் 2021 ஜூலையில் பழைய வண்டிகளுக்கென விதி வகுத்திருக்கிறது. முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டி, சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி மூல உருவில் இருந்தால் 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண் பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வயதைப் பார்த்தால் எங்கள் வண்டிக்குத் தகுதி உண்டு. எஞ்சினைப் பார்த்தால் இல்லை.

இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் தரகரிடம் முன்பே கேட்டிருந்தார்.

"பழைய பெட்ரோல் எஞ்சின் ஒண்ணு வாங்கிப் போட்டுடலாமாம். பழைய நம்பரு புத்தகத்துல இருக்குல்ல, அதையே குத்திக் குடுக்க ஆள் இருக்காம். யாருக்குத் தெரியப்போவுது?"

"குற்றம் அண்ணா அது."

"குத்தம்னு எனக்குத் தெரியாதா? கடன்காரனுக்கு நீ பதில் சொல்றியா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மாதச் சம்பளக்காரன் நேர்மையைப் பற்றிப் பேசுவது எளிது என்று அவர் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் தவறில்லை.

*

சில நாள் கழித்து அவர் கடைக்குப் போனபோது, வேலூரிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணப் புடவை பார்த்துக்கொண்டிருந்தது. ஜரிகை அசல்தானா என்று பெண்ணின் தாயார் கேட்டார். அண்ணன் முந்தானை ஓரத்தில் தொங்கிய ஓர் இழையை எடுத்து நகத்தால் சுரண்டினார். பொன்முலாமும் வெள்ளித் தகடும் விலகி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது. பிறகு, அவர்கள் கேளாமலே, இன்னொரு புடவையை எடுத்து வைத்து, "இது ஆஃப் பைன் ஜரிகைமா. பார்க்க அதே மாதிரி இருக்கும். வெலை பாதிதான். எது வேணுமோ பார்த்து எடுங்க" என்றார்.

அவர்கள் ஆஃப் பைன் புடவையையே எடுத்துக்கொண்டு போனார்கள். அசலை விற்றிருக்கலாமே என்று கேட்டேன்.

"அவங்க கையில அவ்ளோதான் இருக்குது, தெரியல? இதுவும் நல்ல பொடவைதான். இன்னதுன்னு சொல்லி வித்தா அதுல ஒண்ணும் தப்பில்ல."

"வண்டியையும் அப்படியே இன்னதுன்னு சொல்லி விப்போமே அண்ணா."

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஜரிகை வேற, வண்டி வேற" என்று கூறிப் புடவைகளை மடிக்கத் தொடங்கினார். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

*

அந்த இரண்டு வாரத்தில் ஒரு வழக்கைப் பற்றிப் படித்தேன். 1929இலும் 1930இலும் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வென்றது 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் பென்ட்லி கார். 1932இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டியவர் உயிரிழந்தார். மீண்டும் கட்டினார்கள், எஞ்சினும் மாறியது, உடலும் மாறியது. பல்லாண்டு கழித்து ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசியபின், 'இது அந்த வண்டியே அல்ல' என்று வாங்க இருந்தவர்கள் பின்வாங்கினார்கள். வழக்கு லண்டன் உயர் நீதிமன்றம் சென்றது. 1929இல் ஓடிய வண்டியின் பாகங்கள் மிகச் சிலவே எஞ்சியிருந்தன. ஆயினும் 1990இல் நீதிபதி ஆட்டன், இது ஓல்டு நம்பர் ஒன்தான் என்று தீர்ப்பளித்தார். ஒவ்வொரு மாற்றமும் எப்போது, எவரால், எதற்காக நிகழ்ந்தது என்ற வரலாறு இடையறாமல் தொடர்ந்து வந்ததே காரணம்.

இதைப் படித்தபோது, வகுப்பில் இத்தனை ஆண்டு நான் சொல்லிவந்தது எனக்கே புதிதாக விளங்கிற்று. கம்பராமாயணத்தில் பின்னாளில் பலர் பாடல்களைச் செருகினார்கள். நல்ல பதிப்பாசிரியர் அவற்றைக் கம்பன் தலையில் கட்டுவதில்லை, கிழித்தெறிவதும் இல்லை. 'மிகைப் பாடல்கள்' என்று தனியே அச்சிட்டுவிடுகிறார். உ.வே.சா. தம் பதிப்புகளின் அடிக்குறிப்பில் (பி-ம்.) என்று சுருக்கமாகப் பிரதிபேதம் காட்டுகிறார், மற்றொரு சுவடியில் சொல் வேறாக இருந்ததை மறைக்கவில்லை. ஏடுகளில் எதுவும் மாறவில்லை என்பதனால் நாம் அவரை நம்புவதில்லை. மாறியதையெல்லாம் சொல்லிவிடுகிறார் என்பதனால் நம்புகிறோம்.

எண்ணை மாற்றிக் குத்துவது, செருகுகவி எழுதிவிட்டுக் கீழே கம்பன் என்று கையெழுத்திடுவது. பிறகு அந்த வண்டியில் உண்மையாக இருப்பவற்றையும் எவரும் நம்ப முடியாது.

அன்றிரவே ஒரு பக்கம் எழுதினேன். முதற்பகுதியில், 1970இல் வந்தபடியே இருப்பவை: சேசிஸ், உடற்கூடு, கதவுகள், ஸ்டியரிங், முன் இருக்கைச் சட்டம். இரண்டாம் பகுதியில், பின்னர் வந்தவை: நிறம், கிரில், கூரைத் துளைகள், பின் இருக்கைத் துணி, எஞ்சின். தெரிந்தவற்றுக்கு ஆண்டும் காரணமும் எழுதினேன்.

எஞ்சின் மாற்றத்துக்கு மட்டும் காரணம் தெரியவில்லை. 1998 என்ற ஆண்டு மட்டும் ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது. பெரியம்மாவைக் கேட்கப் போனேன். எண்பத்திரண்டு வயது, கண் மங்கிவிட்டது, நினைவு மங்கவில்லை.

"தொண்ணூத்தெட்டா? நீ எம்.ஏ. படிக்க மெட்ராஸ் போன வருஷம்டா கண்ணு. ஒங்கப்பா இல்லாத புள்ள, மாசாமாசம் ஒனக்கு அனுப்பணுமே. பெட்ரோல் போட்டுக் கட்டுப்படி ஆவலன்னு பெரியப்பா டீசல் எஞ்சின் வச்சாரு. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வண்டியின் விலையைப் பாதியாக்கிய செருகுகவி எது என்று இத்தனை நாள் தேடியிருக்கிறேன். அது என்னுடைய பட்டப்படிப்பு.

அண்ணனிடம் பெரியம்மா சொன்னதைச் சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. நான் எழுதிய பக்கத்தை இருமுறை படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் அதைத் தரகருக்கு அனுப்பினார். தரகர் பிறகு அழைக்கவில்லை.

ஆனி மாதத்தில், பழைய வண்டிகளை ஆசையாக வைத்திருக்கும் ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்து வண்டியை வாங்கிக்கொண்டு போனார். தரகர் சொன்ன தொகையில் பாதிக்கும் குறைவு. அண்ணனின் கடன் முழுவதும் தீரவில்லை. மிச்சத்துக்கு நான் மாதந்தோறும் ஒரு தொகை கொடுத்து வருகிறேன். வேண்டாம் என்றுதான் முதலில் மறுத்தார்.

1998க்கு எதிரே நான் அந்தப் பக்கத்தில் எழுதியது 'எரிபொருள் செலவைக் குறைக்க' என்று மட்டுமே. வாங்குபவருக்கு அவ்வளவு போதும். மிச்சத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.