டோக்கியோ மழையில் ஒரு சயாம் ரயில்

ஜூன் மாதத்தில் டோக்கியோவுக்குப் போகாதீர்கள் என்று எச்சரிப்பவர்கள் உண்டு. அது அங்கே 'ட்சுயு' எனப்படும் மழைக்காலம். பிளம் பழுக்கும் நேரத்தில் பெய்வதால் எழுத்தில் அதை 'பிளம் மழை' என்றே எழுதுகிறார்கள். நம் பேராக் மழை போல் மாலையில் இடியோடு கொட்டிவிட்டு ஓய்கிற மழையல்ல. காலையில் தூற ஆரம்பித்தால் இரவு வரை அதே சுருதிதான். மலிவான டிக்கெட் ஜூனில்தான் கிடைத்தது, எனவே போய்விட்டேன்.

சிலிம் ரிவரில் என்னோடு பள்ளியில் படித்த தோழி ஆறு வருடங்களாக அங்கே கணினித் துறையில் வேலை செய்கிறாள். வீடு நிஷி கசாய் வட்டாரத்தில். இந்தியர்கள் அதிகம் வாழும் இடம் என்பதால் கறிவேப்பிலைக்குப் பஞ்சமில்லை. முதல் வேலையாக என்னை மூலைக்கடைக்கு அழைத்துப் போய், அந்த ஊரே பிடித்துக்கொண்டு அலையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குடையில் ஒன்றை வாங்கித் தந்தாள். பெரிய கடைகளின் வாசலில் ஈரக்குடைக்கு நைலான் உறை மாட்டிவிடும் கருவி நிற்கிறது. தரையில் ஒரு சொட்டு விழக்கூடாதாம்!

வானொலியில் பேசிப் பிழைப்பவர்களுக்கு அந்த ஊர் ரயில் ஒரு பாடம். பெட்டி நிறைய ஆட்கள், ஆனால் பேச்சே இல்லை. கைப்பேசியில் பேசுவது மரியாதைக் குறைவு. நாங்கள் இருவரும் தமிழில் கிசுகிசுத்ததே ஒலிபெருக்கி வைத்தது போல் இருந்தது.

தொசாய் பாதையில் குடான்ஷிதா நிலையத்தில் இறங்கினோம். மேலே ஏறினால் யசுகுனி ஆலயம். போரில் இறந்த ஜப்பானியர்களுக்கானது. 1978-இல் முதல்நிலைப் போர்க்குற்றவாளிகள் 14 பேரையும் அங்கே சேர்த்ததால் இன்றுவரை சர்ச்சை ஓயவில்லை. நாங்கள் தேடிப் போனது அதன் வளாகத்திலுள்ள யூஷுகான் அருங்காட்சியகத்தை. நுழைவுக் கூடத்துக்குக் கட்டணம் கிடையாது. உள்ளே நுழைந்ததும் ஒரு பக்கம் சீரோ போர் விமானம், இன்னொரு பக்கம் கறுப்பு நீராவி எஞ்சின். எண் சி56 31. சயாம்-பர்மா பாதையில் ஓடிய எஞ்சின் அது. 1943-இல் பாதை திறக்கப்பட்டபோது ஓடியதும் இதுதான். 1979-இல் தாய்லாந்திலிருந்து திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். அழகாகச் சாயம் பூசி, துடைத்து வைத்திருக்கிறார்கள்.

சிலிம் ரிவர்க்காரர்களுக்கு ஜப்பான் என்றால் முதலில் நினைவுக்கு வருவது 1942 ஜனவரி 7. அன்று விடியுமுன் துரோலாக் பக்கமிருந்து புகுந்த ஜப்பானிய டாங்கிகள், சில மணி நேரத்தில் 11-வது இந்தியப் படைப்பிரிவைச் சிதறடித்துச் சிலிம் ஆற்றுப் பாலத்தைப் பிடித்தன. நாலே நாளில் கோலாலம்பூரும் வீழ்ந்தது. அதற்குப் பின் வந்ததுதான் சயாம். நல்ல சம்பளம், சில மாத வேலை என்று சொல்லித் தோட்டத்து லயன்களிலிருந்து ஆள் பிடித்தார்கள். வராதவர்களை வலுக்கட்டாயமாக ஏற்றினார்கள். 415 கிலோமீட்டர் பாதை. வெள்ளைக்காரக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. பல்லாயிரக்கணக்கில் செத்த நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

தோழியின் கொள்ளுத்தாத்தா அப்படிப் போய்த் திரும்பாதவர். அப்போது பாட்டி கைக்குழந்தை. ஆறு வருடமாக ரயிலில் அரை மணி நேரத் தூரத்தில் இருந்தும் அவள் இங்கே வந்ததில்லை. "வேலை இடத்துல எல்லாரும் அவ்ளோ நல்லவங்க. இதைப் பார்த்துட்டு திங்கட்கிழமை அவங்க முகத்தைப் பார்க்கணுமே" என்றாள். எஞ்சின் சக்கரத்தின் முன் வெகுநேரம் நின்றாள். "தாத்தா இதைப் பார்த்திருப்பாரா, இல்ல அதுக்குள்ள..." என்று நிறுத்திக்கொண்டாள். நானும் பதில் சொல்லவில்லை. ஒரு படம் மட்டும் எடுத்தாள்.

பசித்தது. ஷின்ஜுகுவில் நகமுராயா என்ற கடை. ஜப்பானில் தஞ்சம் புகுந்த வங்கப் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ், அந்தக் கடைக்காரர் மகளை மணந்தவர். அவர் சொல்லிக்கொடுத்த கோழிக்கறியை 1927 முதல் பரிமாறுகிறார்கள். காரம் நமக்குப் போதாது. மழைக்குச் சூடாக இறங்கியது. இவர்தான் 1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுதந்திர இயக்கத் தலைமையைச் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தவர். அந்த அழைப்பைக் கேட்டு ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்களும் நம் தோட்டத்துப் பிள்ளைகள்தான். ஒரே தோட்டத்தில் ஒருவர் சயாமுக்கு, இன்னொருவர் பர்மா போர்முனைக்கு. வரலாறு நம் வீடுகளில் இப்படித்தான் குழம்பிக் கிடக்கிறது.

மாலையில் மருனோச்சி பாதையில் ஹிகாஷி கோயென்ஜி போனோம். பக்கத்துத் தெருவில் ரென்கோஜி என்ற சிறிய பௌத்தக் கோவில். நேதாஜியின் அஸ்தி எனச் சொல்லப்படுவது 1945 செப்டம்பர் முதல் இங்கே இருக்கிறது. அது அவருடையதுதானா என்ற சண்டை இந்தியாவில் இன்னும் முடியவில்லை. முற்றத்தில் மார்பளவுச் சிலை. மூக்கு நுனியிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. தோழி தன் குடையைச் சிறிது நேரம் அதற்குப் பிடித்தாள்.

ஓத்தேமாச்சியில் ரயில் மாறக் காத்திருந்தபோது அந்த எஞ்சின் படத்தை அம்மாவுக்கு அனுப்பினாள். சிலிம் ரிவரிலிருந்து உடனே பதில் வந்தது: "பாட்டிகிட்ட காட்டவா?" நிஷி கசாய் வரும்வரை கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறக்கும் நேரத்தில் தட்டினாள்: "காட்டுங்கம்மா. நான் ராத்திரி பேசுறேன்."