டிக்கோயாவில் ஒரு சமதரை

மலையகத்தில் கிடைத்தற்கரிய பொருள் எதுவென்று கேட்டால், சமதரை என்றே நான் விடை சொல்வேன். மழைக்குப் பஞ்சமில்லை, பச்சைக்கும் பஞ்சமில்லை. ஆனால், டிக்கோயாவில் ஒரு பிள்ளை பந்தை உருட்டிவிட்டால் அது தேயிலை நிரைகளுக்குள் புகுந்து, கான் வழியே இறங்கிப் பள்ளத்துக்குப் போய்விடும். லயத்து வாசலே பிள்ளைகளின் விளையாட்டுத் திடல். வாசல் போதாதென்று வளர்ந்தவர்கள் இறங்குமிடம், பஸ்களும் கொழுந்து லொறிகளும் வளைந்து வளைந்து வரும் வீதி.

மைதானங்களே இல்லையென்று சொல்ல வரவில்லை. டிக்கோயாவை அடுத்த டரவளையில் பிரித்தானியத் துரைமார் 19ஆம் நூற்றாண்டிலேயே தமக்கென ஒரு கழகமும், கிரிக்கெட்டும் றக்பியும் ஆடப் பச்சைத் திடலும் அமைத்துக்கொண்டனர். ஹட்டன் நகருக்கு டன்பார் மைதானம் உண்டு. நோர்வூட்டிலும் ஒன்று உண்டு. 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையக மக்களிடையே உரையாற்றியது அங்கேதான். ஆயினும், மலைக்கு மேலே லயத்தில் வாழும் ஒரு சிறுமி பள்ளிவிட்டு வந்து, அரைமணி நேரம் ஆடிவிட்டு, இருட்டுமுன் வீடு திரும்பக்கூடிய இடங்கள் அல்ல இவை. ஆற்றோரத்துச் சமதரையிலும் ஒரு பகுதி காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களுக்கு அடியில் போய்விட்டது. பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் இருக்கிறது. வரட்சிக் காலத்தில் அதன் வழிபாட்டிடங்களின் சிதைவுகள் தலைகாட்டுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

இதையெல்லாம் எழுதக் காரணம், கனடாவில் வாழும் மலையக நண்பர் ஒருவரின் யோசனை. தமது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறுவர் பூங்காவும், அதன் ஓரத்தில் ஸ்கேட்போர்ட் என்னும் சறுக்குப் பலகை ஓட்டுவதற்கான கொங்கிறீற்றுத் திடலும் அமைக்கப் பணம் சேர்த்துத் தருவதாக அவர் எழுதியிருந்தார். தோட்டத்தாரிடம் பேசிப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

இளைஞர்கள் துள்ளினார்கள். பெரியவர்கள் துள்ளவில்லை. "ஐயா, விழுந்து கையை ஒடச்சிக்கிட்டா கிளங்கன் ஆஸ்பத்திரிக்கு யாரு தூக்கிட்டுப் போறது? நாங்க மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நிப்போம்" என்றார் ஒரு தாய். மரக்கறிப் பாத்தி பறிபோகுமே என்றார் இன்னொருவர். பார்த்துவைத்த இடம் காமன் கூத்து ஆடும் பொட்டல். அதற்குக் கொங்கிறீற்றுப் போடலாமா என்று முதியவர் ஒருவர் கேட்டார். மாலையில் வெளியாட்கள் வந்து குடிப்பார்கள் என்றும், பெண்பிள்ளைகளை அனுப்ப முடியாது என்றும் கவலைகள் வந்தன. மலையை வெட்டினால் மண் நிற்குமா என்ற கேள்விதான் கடைசியாக வந்தது. அதைக் கேட்டபோது கூடியிருந்தவர்கள் அனைவரும் மௌனமானார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இவை முன்னேற்றத்துக்குத் தடைபோடும் பேச்சாகத் தோன்றக்கூடும். அப்படி எண்ணுவது நியாயமன்று. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களின்மீது மலை சரிந்ததை இந்த மக்கள் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாடெங்கும் மண்சரிவை வாரியிறைத்தது அண்மைக் காயம். சரிவை வெட்டி நிரப்பித் தரை அமைக்கும்போது, மழைநீர் வடிய வழியில்லையென்றால் நிரப்பிய மண் நீரைக் குடித்துக் கனக்கிறது. கனத்தால் கீழே உள்ள லயத்தின் மேல்தான் வரும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நிலத்தைப் பார்த்துச் சொல்லாமல் ஒரு மண்வெட்டி கூட விழக் கூடாது என்பதே என் கருத்தும்.

எதிர்ப்புக்கு இன்னுமொரு வேர் உண்டு. அந்த நிலம் அவர்களுடையதன்று. 1970களில் தோட்டங்களை அரசு பொறுப்பேற்றது. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. குத்தகைக்காரர் மாறினாலும் லயத்தில் இருப்பவரின் கையில் உறுதிப் பத்திரம் வரவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடவும் தடை இருந்தது. வாக்களிக்கலாம், ஆனால் ஒரு கான் கட்டித் தரும்படி கேட்க முடியாது. 2018 இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு, நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் தனிச் சபைகள் கிடைத்தன. ஆகவே, தமது சுற்றாடலில் எது வரவேண்டும், எது வரக்கூடாது என்று சொல்லும் உரிமை இந்த மக்களுக்குப் புதியது. அந்த உரிமையை அவர்கள் முதலில் 'வேண்டாம்' என்று சொல்லிப் பார்க்கிறார்கள். அதில் தவறென்ன?

சறுக்குப் பலகை நமக்கு அந்நியம் என்ற வாதத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. பழைய பெயாரிங் பூட்டிய பலகை வண்டியில் இறக்கத்தில் பறந்த தலைமுறை இன்றும் லயங்களில் இருக்கிறது. 2021 இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட இவ்விளையாட்டில், தங்கம் வென்ற மோமிஜி நிஷியா என்ற ஜப்பானியச் சிறுமிக்கு வயது 13. மாமல்லபுரத்து மீனவர் குடியிருப்பின் சிறுமி கமலி பலகை ஓட்டுவதைப் பற்றி 2019 இல் ஓர் ஆவணக் குறும்படமே வந்தது.

நமக்கு அதிகம் பயன்படும் பாடம் மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே ஜன்வார் என்ற சிற்றூரில், ஜேர்மன் நாட்டவரான உல்ரிக்கே ரைன்ஹார்ட்டின் முயற்சியால் 2015 இல் ஒரு சறுக்குத் திடல் அமைந்தது. இரண்டே விதிகள்: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, பெண்பிள்ளைகளுக்கே முதலிடம். ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவர் பிள்ளைகளும் ஒரே பலகைக்காக வரிசையில் நின்றார்கள். கொங்கிறீற்றைக் காட்டிலும் அந்த விதிகளே அங்கு அதிகம் சாதித்தன என்று நான் நினைக்கிறேன்.

கனடா நண்பருக்கு நான் எழுதிய பதிலின் சுருக்கம் இது. காமன் பொட்டலைத் தொட வேண்டாம். பிள்ளைக் காம்பராவுக்கு அருகில், ஏற்கெனவே மட்டமாக இருக்கும் சிறு நிலத்தைக் கேட்போம். முதலில் கானும் தடுப்புச் சுவரும், பிறகு ஊஞ்சல், சறுக்குத் திடல் கடைசியில், அதுவும் சிறிதாக. வாரத்தில் குறித்த மாலைகள் பெண்பிள்ளைகளுக்கு மட்டும். விழுந்தவரைத் தூக்கிச் செல்ல ஒரு முச்சக்கர வண்டிக்காரருடன் முன்கூட்டியே ஏற்பாடு. பராமரிப்புக் குழுவில் பாதிப்பேர் தாய்மார். வாயிலில் எந்தத் தலைவரின் பெயரும், எந்தக் கொடையாளரின் பெயரும் வேண்டாம்.

நண்பர் சம்மதித்துவிட்டார். தோட்டத்தார் இன்னும் சம்மதிக்கவில்லை. யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள். அவர்கள் யோசிக்கட்டும். இருநூறு ஆண்டுகளாக இம்மலைகளில் எங்கே தேயிலை நடுவது, எங்கே லயம் கட்டுவது என்று எவரும் அவர்களிடம் கேட்டதில்லை. ஓர் ஊஞ்சலை எங்கே கட்டுவது என்பதையாவது அவர்கள் ஆறுதலாக முடிவு செய்யட்டும்.